மல்லிகாவின் இரண்டு விசாக்கள்

விசா விண்ணப்பம் நிரப்புவது எப்படி என்று, இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் கார்பன் தாள் வைத்து அரை நாள் தட்டியதை நீங்கள் கம்ப்யூட்டரில் சட்டென்று முடித்துவிடுகிறீர்கள். எந்த நாட்டுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. இந்தத் தொழிலில் எத்தனையோ தப்புகள் செய்திருக்கிறேன். மற்றதெல்லாம் தெரியாமல் செய்தது. ஒன்றே ஒன்றை மட்டும் தெரிந்தே செய்தேன். சரியான பதில் நாக்கு நுனியில் இருந்தும், கேட்டவளிடம் அதைச் சொல்லாமல் இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் டிராவல்ஸ் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. முதலாளி, டிக்கெட் வேலை பார்த்த ஒருவர், நான். விசா விண்ணப்பமெல்லாம் என் பொறுப்பு. மழை ஏமாற்றிய வருடங்களில் படியேறி வருகிறவர்கள் அதிகம். கம்பும் மல்லியும் விதைத்துப் பார்த்துக் களைத்தவர்கள் மலேசியா, துபாய் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

எத்தனை நாள் போகிறீர்கள் என்று முதலாளி யாரையும் கேட்கமாட்டார். "பெட்டியில என்ன வைக்கப் போறீக?" என்றுதான் கேட்பார். பரளச்சியிலிருந்து ஒருவர் வந்தார். மலேசியாவில் இருக்கும் அண்ணனைப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்றார். பெட்டியில் என்ன என்று கேட்டதும், ஆறு கைலி, ஊறுகாய் ஜாடி, அரிவாள்மனை என்று வெள்ளந்தியாகச் சொன்னார்.

"பத்து நாளைக்கு அரிவாள்மனை எதுக்கு அண்ணாச்சி?"

மனிதர் தலையைச் சொறிந்தார். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறதாம். அப்படியானால் கடைக்காரர் அங்கே வேலை அனுமதி வாங்கித் தரட்டும், அந்த விசாவில் போங்கள் என்று முதலாளி சொல்ல, அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

"திரும்பி வர மனசில்லாதவுகளுக்குப் பாத்துட்டு வர்ற விசா எழுதாதப்பா," என்றார் முதலாளி என்னிடம். "போயி மாத்திக்கலாம்னு எல்லாரும் சொல்லுவாக. சில நாட்டுல மாத்திக் குடுப்பான். பல நாட்டுல, ஊருக்குப் போயி முறையாக் கேட்டுட்டு வாம்பான். எது எப்படின்னு விசாரிச்சுட்டு எழுது."

விசாரித்தேன். நாடுவாரியாக ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். ஜெர்மனிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: கணவனோடு வாழப் போகும் மனைவி இங்கிருந்தே அதற்குரிய விசா வாங்கிப் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், பார்வையாளராகப் போனால் அங்கே மாற்றித் தரமாட்டார்கள். இது எனக்குத் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி என் சகலையைப் பற்றி.

என் மனைவி பாக்கியம் பந்தல்குடிக்காரி. மாமனாருக்குத் தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. இரண்டு பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்தார். இளையவள் மல்லிகாவை, ஒரு நூற்பாலையில் மெஷின் ஃபிட்டராக இருந்த தனசேகரனுக்குக் கொடுத்தார். கல்யாணப் பந்தலில் அவன் என்னைவிட ஒரு படி கீழேதான் நின்றான். நான் பட்டப்படிப்பு, அவன் பாலிடெக்னிக். "அண்ணே, அண்ணே" என்று என் பின்னாலேயே சுற்றினான். அந்த ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து புது மெஷின்கள் வந்தன. பழகிக்கொண்டு வர அவனை அனுப்பினார்கள். அவன் கைவேலையைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் அங்கேயே வேலை கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பந்தல்குடிக்குப் போவது எனக்குத் தண்டனையாகிவிட்டது. பனியில் கோட்டுப் போட்டு நிற்கிற அவன் போட்டோவை மாமா கடையில் பெரிதாக மாட்டியிருந்தார். கயிறு வாங்க வரும் லாரி டிரைவர்களெல்லாம் அதைப் பார்த்து விசாரிப்பார்கள்.

"நம்ம சின்ன மாப்பிள்ளை. ஜெர்மனில இருக்காக," என்பார் மாமா. நான் பக்கத்தில் நின்றால், "இவுக மூத்தவுக. அருப்புக்கோட்டைல டைப் அடிக்காக," என்று சேர்த்துக்கொள்வார். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

தனசேகரன் முதல் விடுமுறையில் வந்தபோது, ஆட்டு ஈரல் முதலில் அவன் இலைக்குப் போனது. மூன்று வருடமாக என் இலைக்குத்தான் முதலில் வந்துகொண்டிருந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கியத்துக்கு இந்த நோய் கிடையாது. தங்கை வீட்டுக்காரர் கொண்டுவந்த டேப்ரிக்கார்டரைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிச் சந்தோஷப்பட்டாள். நான் எத்தனையோ பேரைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிவிட்டவன். என்னிடமும் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

அவன் திரும்பிப் போன சில மாதங்களில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'அண்ணே, மல்லிகாவை அழைத்துக்கொள்ள வீடு பார்த்துவிட்டேன். மனைவி விசா என்றால் அரை வருடத்துக்கு மேல் இழுக்குமாம். பார்வையாளர் விசாவில் வரச்சொல்லி இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார். நீங்கள் அதற்கே எழுதிவிடுங்கள்.'

இரண்டு நாள் கழித்து மாமாவும் மல்லிகாவும் அலுவலகத்துக்கு வந்தார்கள். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். மல்லிகா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தான், அங்கயே இருக்கப் போறவங்களுக்கு வேற விசான்னு என் கூடப் படிச்ச பிள்ளை சொல்லுது. அவுக சொல்ற மாதிரி போனாச் சரியா வருமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ஏத்தா, சின்ன மாப்பிள்ளை அந்த ஊர்லயே இருக்காக. அவுகளுக்குத் தெரியாததா? அத்தான் பேப்பர எழுதித் தருவாக. அவுகளப் போயி ஏன் குழப்புற?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை டிராயரில் அந்த நோட்டு இருந்தது. எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"அவுகளுக்குத் தெரியாததா, மாமா," என்றேன்.

சொல்லிவிட்டு இயந்திரத்தில் தாளைச் சொருகினேன். வரும் நோக்கம்: கணவரைப் பார்ப்பது. தங்கும் காலம்: மூன்று மாதம். அதன் பின்: ஊர் திரும்புவார். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன். உள்ளுக்குள் இனித்தது. எல்லாம் தெரிந்தவன் போய் முட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். முட்டிக்கொள்ளப் போவது அவன் மட்டுமில்லை என்ற நினைப்பு அப்போது வரவேயில்லை. நினைப்பு வந்ததும் தள்ளிவிட்டேன் என்பதுதான் இன்னும் சரி.

முதலாளி வந்ததும் நகலைப் பார்த்தார்.

"கல்யாணமாகி ரெண்டு வருஷம். புருஷன் அங்க இருக்கான். இந்தப் பிள்ளை மூணு மாசத்துல திரும்பி வருமா?"

"வந்துரும் முதலாளி. எங்க வீட்டுப் பிள்ளைதானே."

விண்ணப்பம் அப்போது இன்னும் மெட்ராஸிலுள்ள தூதரகத்துக்குப் போகவில்லை. நிறுத்த நேரம் இருந்தது. மறுநாள் காலைத் தபாலில் நானே சேர்த்தேன்.

விசா கிடைத்தது. மீனம்பாக்கத்துக்கு வழியனுப்பப் போனோம். மல்லிகாவின் பெட்டியைத் தூக்கிய எனக்குத் தோள் இறங்கியது.

"என்ன மல்லிகா இவ்வளவு கனம்?"

"தோசைக்கல்லு அத்தான். அங்க கெடைக்காதாம்ல," என்று சிரித்தாள். கழுத்தில் வியர்வை வழிய ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறவள் தோசைக்கல் எடுத்துப் போகமாட்டாள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிவதற்குள் மாமாவுக்குத் தனசேகரனிடமிருந்து டிரங்க் கால் வந்தது. தங்குவதற்கு அனுமதி கேட்டுப் போன இடத்தில், பார்வையாளராக வந்தவர் பார்வையாளராகவே திரும்ப வேண்டும், மனைவியாக வாழ வேண்டுமென்றால் மெட்ராஸில் விண்ணப்பித்து வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் அது இருந்தது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பிறகு மல்லிகா வந்து இறங்கினாள். பந்தல்குடி பஸ் நிறுத்தத்தில் நானும் மாமாவும் காத்திருந்தோம். விமானச் சீட்டு ஒட்டிய அதே பெட்டியோடு படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எதிர் டீக்கடையில் நின்ற ஒரு அம்மாள் குரல் கொடுத்தார்.

"என்னத்தா, போன வேகத்துல வந்துட்ட? அவுக வரலையா?"

மல்லிகா நிற்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். அந்தக் கேள்வி ஊர் முழுக்கப் பரவியது. புருஷன் திருப்பி அனுப்பிவிட்டான் என்றார்கள். அங்கே வேறொருத்தி இருக்கிறாளாம் என்றார்கள். குழாயடியில் பேச்சு பொறுக்காமல் அவள் வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். விவரம் கேட்கும் டிரைவர்களுக்குச் சொல்ல முடியாமல், மாமா கடையிலிருந்த போட்டோவைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். இதைத்தான் நான் இத்தனை நாளாக எதிர்பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். நடந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதிய விண்ணப்பத்துக்கு, இந்த முறை மனைவி என்ற முறையில், தனசேகரன் அங்கிருந்து காகிதங்கள் அனுப்பினான். அவற்றைப் பிரித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அங்குள்ள அலுவலகத்துக்கு அவன் கொடுத்திருந்த கடிதத்தின் நகல் அதில் இருந்தது. 'என் மனைவி என்னோடு வாழத்தான் வந்தாள். ஊரில் உள்ள ஏஜென்ட் சொன்னபடி இந்த விசாவில் வந்துவிட்டோம்' என்று எழுதியிருந்தான்.

ஏஜென்ட் நான்தான். நான் சொன்னேனாம்!

எனக்குத் தலைக்கு ஏறியது. அவன் கைப்பட எனக்கு எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருந்தது. அதைத் தூதரகத்தில் கொடுத்தால் என் மீது ஒரு தூசி ஒட்டாது. ஆனால் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. முதல் விண்ணப்பத்தில் மல்லிகா மூன்று மாதத்தில் திரும்புவாள் என்று இருக்கிறது. வாழத்தான் வந்தாள் என்று புருஷன் எழுதியிருக்கிறான். அப்படியானால் முதல் முறை பொய் சொன்னது யார் என்று கேட்பார்கள். புருஷனும் மனைவியும் சேர்ந்துதான் என்று அவன் கடிதம் காட்டிவிட்டால், இரண்டாவது விசாவும் கிடைக்காது. விவரம் அறிந்த ஒருவன் அவர்களுக்குச் சரியான வழியைச் சொல்லவில்லை என்று பதிலானால் கிடைக்கலாம்.

இரண்டாவது பதில் பொய்யுமில்லை. அவள் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, தூதரகத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"பொறாமை, முதலாளி."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"தெரியாமச் செஞ்சேன்னு எழுதுனா, வெவரமில்லாத ஆளை வச்சிருக்கான்னு என் பேரு போகும். தெரிஞ்சு செஞ்சேன்னு எழுதுனா உன் பேரு போகும். நடந்தது எதுவோ அத எழுது. நம்ம லெட்டர்ஹெட்ல எழுதாத, வெள்ளைத் தாள்ல எழுது."

எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. அந்தக் கடிதத்தை அடிக்கையில் ஏழெட்டு முறை பிழையாகிக் கிழித்துப் போட்டேன்.

நேர்காணலுக்கு மெட்ராஸ் போனபோது மல்லிகாவுக்கு ஆறாம் மாதம். மல்லிகாவின் அம்மா, அதாவது என் அத்தையும் துணைக்கு வந்தார். முதலில் மல்லிகாவை மட்டும் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவர் பக்கத்தில் மொழிபெயர்க்கும் தமிழ் அம்மாள். எதிரே மல்லிகா. அதிகாரியின் கையில் என் கடிதம்.

"இதை எழுதினது நீங்கதானா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாம்மா."

"இவங்க உங்ககிட்ட எந்த விசா சரின்னு கேட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சொல்லலைன்னு எழுதியிருக்கீங்க. ஏன் சொல்லலைன்னு சார் கேட்கிறார்."

அந்தக் கேள்வியைக் கடிதத்தில் நான் தொடவில்லை. மல்லிகா பக்கத்தில் இருக்கிறாள். மறந்துவிட்டேன் எனலாம். வேலை மும்முரம் எனலாம். ஆனால் ஒரு சின்னப் பொய் சேர்ந்தாலும் மிச்சம் உள்ள உண்மையையும் அவர் நம்பமாட்டார் என்று அந்த நொடியில் தெரிந்தது.

"இவுக வீட்டுக்காரர் என் சகலை. அவர் வெளிநாடு போய் நல்லா இருக்கிறதுல எனக்குப் பொறாமை."

அந்த அம்மாள் தன் காதில் விழுந்தது சரிதானா என்பது போல என்னைப் பார்த்தார். திருப்பிச் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். அதிகாரி நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, எதையோ குறித்துக்கொண்டார். மல்லிகா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் ரயிலில் திரும்பினோம். அத்தை சன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டார். திண்டுக்கல் தாண்டிய பிறகு மல்லிகா கேட்டாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அன்னைக்கு நான் கேட்டப்பவே உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. அப்பா பேசுனது பிடிக்கலைன்னு நெனச்சேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "குழாயடியில அவளுக என்ன பேசுனாளுகன்னு உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியும்."

"தெரியாது. நீங்க கேட்டிருக்க மாட்டீக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். தூங்கும் அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஒண்ணு சொல்லவா? அவுக வெளிநாடு போனதிலேருந்து நான் அக்காவப் பாத்து வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்கேன். சாயங்கால பஸ்ஸுக்கு அவ புருஷன் வீட்டுக்கு வந்துருவாருல்ல. எனக்கு வாரத்துக்கு ஒரு கடுதாசிதான். அவ வீட்டுக்கு வந்தா, கொடியில உங்க சட்டை காயிறதப் பாத்தாலே எனக்குப் பிடிக்காது."

விருதுநகரில் இறங்கியபோது அவள் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். சற்று யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

விசா வருவதற்கு முன் பிள்ளை பிறந்துவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. அதன் பெயரில் மறுபடி பாஸ்போர்ட், மறுபடி காகிதம். எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். மல்லிகா வரிவரியாக அர்த்தம் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். சரியான விசாவில், மனைவியும் பிள்ளையுமாக அவர்கள் போய் இறங்கியபோது பிள்ளைக்கு ஐந்து மாதம். தகப்பன் அன்றுதான் முதல் முறையாகப் பிள்ளையைத் தூக்கினான். அந்த ஐந்து மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. முதலாளி என்னை இரண்டு வருடம் விசா மேசையிலிருந்து எடுத்து டிக்கெட் வேலையில் போட்டார். நான் வாதாடவில்லை.

உங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் உங்களால் போக முடியாத இடத்துக்குப் போகிறவர்கள். அவர்கள் சட்டை, செருப்பு, பேச்சு எல்லாம் உங்களைச் சீண்டும். அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கு உங்களுக்குத் தெரிந்த பதில் அவர்களுடையது. அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை. கேட்கத் தெரியாதவருக்கும் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் குறுக்கே பேசினாலும் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் தனசேகரன் குடும்பத்தோடு பந்தல்குடி வந்தான். நடந்தது முழுவதும் மல்லிகா அவனிடம் சொல்லியிருந்தாள் என்று அவன் பார்வையிலேயே தெரிந்தது. இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அவன் எழுதிய அந்தப் பழைய கடிதத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தன் தம்பியையும் தம்பி மனைவியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். தம்பிக்கு கனடாவில் வேலை கிடைத்திருந்தது. தம்பி பெண்டாட்டி கழுத்தில் புதுத் தாலிக்கொடி கனமாகத் தொங்கியது. தனசேகரனின் மகன் வாசலில் நின்று அப்பாவிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டான். தனசேகரனும் ஜெர்மனிலேயே பதில் சொன்னான். தெருவே நின்று பார்த்தது.

"அண்ணே," என்றான் தனசேகரன், பல வருடத்துக்குப் பிறகு. "இவங்க ரெண்டு பேரும் அங்கயே இருக்கப் போறாங்க. எந்த விசா போடணும், எதை முதல்ல கேக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

பாக்கியத்திடம் காப்பி போடச் சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து மேலிருந்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். தெரிந்ததையெல்லாம் எழுதினேன். தெரியாத இரண்டை யாரிடம் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுக்க வயிறு எரிந்தது. தாளைத் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன்.